கரை காட்டும் கருவி

கிழக்கு வெளுக்கத் தொடங்கியபோது மூசா படகில் நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தான். நைலான் கயிறு உள்ளங்கை வெடிப்புகளில் புகுந்து எரிந்தது. எதிரே அழகிரி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். ரியாஸ் சேற்றிலிருந்து மீனைப் பிரித்துப் போட்டான். நான்கு பேர் இழுக்கவேண்டிய வலை. ஜைத் இறந்தபின் அவன் இடத்துக்கு முதலாளி வேறு ஆள் போடவில்லை.

ஜைத் மூசாவின் ஊர்க்காரன். இருவரும் கீழக்கரையிலிருந்து ஒன்றாக வெளிநாட்டு வேலை பெர்மிட்டில் இங்கே வந்தவர்கள். போன மாதம், காட்டுத்தீயின் புகைமூட்டம் கடலை மூடியிருந்த ஒரு காலையில், கயிறு சுற்றும் உருளை கழன்று ஜைத்தின் நெஞ்சில் அடித்தது. உடனே படகைத் திருப்பினார்கள். எங்கே திருப்பினாலும் ஒரே வெள்ளை. கைப்பேசிகள் உப்புத் தண்ணீரில் நனைந்து அணைந்துவிட்டன. "கரை தெரியுதா?" என்று ஜைத் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு கேட்கவில்லை. புகை சற்று விலகியபோது, ஆற்று முகத்துவாரத்தின் மிதவை கூப்பிடு தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அத்தனை நேரமும் அதைச் சுற்றியே அலைந்திருக்கிறார்கள்.

ஜைத்தின் மனைவி ஷைமாவுக்குப் போனில் சொன்னவன் மூசாதான். அவனை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுபவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ்வளவு பக்கத்துலயா இருந்தீங்க, காக்கா?" என்றாள்.

அன்று மீனை இறக்கியதும், வழி காட்டும் கருவி ஒன்று கேட்ட மூவரின் நச்சரிப்புக்காக முதலாளி சுகுமாறன் அவர்களை லோரியில் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போனார். பழைய படகுச் சாமான் விற்கும் கடை. அதை நடத்தும் சந்திரகலா இரண்டு கருவிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் பெரிய திரை. மீனை மட்டும் காட்டும். மற்றது சிறியது, மூலையில் கீறல் விழுந்தது. மீனும் காட்டும், ஜிபிஎஸ்ஸும் உண்டு.

மூசா சிறியதன் ஒயரை நுனிவரை விரலால் தடவிப் பார்த்தான். வெட்டில்லை. பிளக்கில் பச்சைக் களிம்பு பூக்கவில்லை. பேட்டரியோடு தெருவோரம் தூக்கிப்போய் வானம் பார்க்க வைத்தான்.

"பொறுங்கண்ணே. பழசுல்ல, சேட்டலைட்ட மெதுவாத்தான் பிடிக்கும்," என்றார் சந்திரகலா.

திரையில் ஒரு புள்ளி மினுங்கி நின்றது. ரியாஸ் தன் புதுக் கைப்பேசியை அருகில் பிடித்தான். அதே தெரு, அதே முனை. மூசா அந்தப் புள்ளியையே பார்த்தான். இந்த ஒரு புள்ளி இல்லாமலா ஜைத் போனான்?

"பெரிசையே எடு லா," என்றார் சுகுமாறன். "ரெண்டும் ஒரே விலைதான். இதுல அடியில இருக்கிற மீன்கூட தெளிவா தெரியுது."

"மீன் இருக்கிற இடத்த அது காட்டும், பாஸ். நாங்க இருக்கிற இடத்த?" என்றான் மூசா.

"எங்கப்பா காலத்துல ஜிபிஎஸ் வச்சுக்கிட்டா கடலுக்குப் போனாங்க? ஜைத்துக்கு நேரம் சரியில்ல, போயிட்டான்."

"நேரத்தால இல்ல பாஸ். வழி தெரியாம நாங்க சுத்துனோம். கரை தெரியுதான்னு கேட்டுக்கிட்டே செத்தான்."

அழகிரி வந்து மூசாவின் பக்கத்தில் நின்றான். "ஜிபிஎஸ் இல்லாம நாங்க இனிமே படகுல ஏற மாட்டோம்," என்றான். ரியாஸும் தலையசைத்தான்.

"பெர்மிட் என் கையில இருக்கு. ஃபிளைட் ஏத்தி விட்டுருவேன்."

ஊரில் படிக்கும் மகளின் முகம் மூசாவின் நினைவில் வந்து போனது.

"ஏத்தி விடுங்க பாஸ். ஜைத்த பெட்டியில அனுப்பினோம். நான் உயிரோட நடந்தே போறேன்."

சுகுமாறன் எதையும் வாங்காமல் லோரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மூவரும் பஸ் பிடித்துத் திரும்பினார்கள்.

மறுநாள் காலை படகுத்துறையின் பலகையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். படகு கட்டியபடியே கிடந்தது. பக்கத்துப் படகை ஓட்டும் தம்புசாமியிடம், தன் படகுக்கும் ஆள் தரும்படி சுகுமாறன் போனில் கேட்டிருந்தார். தம்புசாமி வந்து விஷயத்தை மூசாவிடமே விசாரித்தார். கேட்டு முடித்ததும் தன் படகுக்குள் இறங்கி, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை நிறுத்தினார்.

"எங்க படகுலயும் அந்தக் கருவி இல்ல, தம்பி," என்று சொல்லி மூவரோடும் வந்து உட்கார்ந்தார். அவர் ஆட்களும் ஒவ்வொருவராகப் படகிலிருந்து பலகைக்கு ஏறினார்கள்.

முதலாளி என்ன செய்வார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஜைத் இறந்த நாளிலிருந்து அழாத மூசா அப்போதுதான் அழுதான். யாரும் தடுக்கவில்லை. அழுதுகொண்டே, வருகிறவர்களுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.