டாக்டரம்மா குறையும் என்றுதான் சொன்னார்

1

இந்தக் கதை வாலாஜாபாத் பேருந்தில் என் காதில் விழுந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. முன் இருக்கையில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்: "கீரையா துன்னுக்கினு இருந்த மனுசன்யா, அவருக்கே வந்துட்ச்சே." எது வந்தது, யாருக்கு வந்தது என்று கேட்பதற்குள் இறங்கிவிட்டார்கள். மிச்சத்தை நானாக இட்டுக்கட்டினேன். இட்டுக்கட்ட இட்டுக்கட்ட எனக்கே தலை சுற்றுகிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கீரையின் மகிமையை உணர்ந்த யாக்கோபு என்றொரு தொழிலாளி...' வேண்டாம். சுகாதாரத் துறைச் சுவரொட்டி மாதிரி இருக்கிறது.

2

யாக்கோபு சேரப்பணஞ்சேரிக்காரன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் ஓட்டினான். 1983இல் அவன் அண்ணன் லூர்துராஜ் குடல் புற்றுநோயில் செத்துப்போனார். அடக்கம் முடிந்தும் யாக்கோபுக்குப் பயம் அடங்கவில்லை. அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவிடமே போய், தனக்கும் வருமா என்று கேட்டான்.

"கீரை, காய், பழம், பயறு எல்லாம் நிறைய சேத்துக்குங்க. மாட்டுக்கறியக் குறைங்க. வர்ற வாய்ப்பு குறையும்."

[கவனியுங்கள்: குறையும் என்றார். யாக்கோபு காதில் வராது என்று விழுந்தது.]

அன்றிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் வீட்டில் கறிக்குழம்பு கிடையாது. முருங்கைக்கீரை, பாசிப்பயறு, கேழ்வரகுக் களி. அவன் மனைவி அருள்மேரி கொஞ்ச காலம் பொறுத்தாள், பிறகு கறி கேட்டாள்.

"இன்னாங்க, நாம இன்னா ஆஸ்பத்திரியிலயா கீறோம்?"

"துன்னு. துன்னா அது கிட்டவே வராது."

3

அருள்மேரியை முதல் வரைவில் சண்டைக்காரியாக எழுதியிருந்தேன். அநியாயம். லூர்துராஜின் கடைசி நாட்களில் கஞ்சி ஊட்டியவள் அவள்தான். அவள் கறி கேட்டதெல்லாம், வீடு பழையபடி ஆகிவிட்டது என்று நம்புவதற்காக. (இதை அவள் வாயால் சொல்லவைக்கப் பார்த்தேன். சொல்ல மாட்டேன் என்கிறாள்.)

தொழிற்சாலையில் யாக்கோபுக்கு நரசிம்மன் மேல் லேசான பொறாமை. ஸ்டோர்ஸ் கிளார்க். ஐயங்கார். முட்டையைக்கூடத் தொடாதவர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: வெளிக்குப் போனால் ரத்தம் போகிறது, பல வாரமாக.

யாக்கோபு சிரித்தான். "உங்களுக்கு இன்னா சார்? பரம்பரையா காய்கறி. எங்கண்ணனுக்கு வந்தது உங்களுக்கெல்லாம் வராது. மூலமாத்தான் இருக்கும்."

நரசிம்மன் முகம் தெளிந்தது. பொங்கல் கழித்துத்தான் டாக்டரிடம் போனார். லூர்துராஜுக்கு வந்த அதே நோய், அதற்குள் முற்றியிருந்தது.

4

இங்கே என் பேனா நின்றுவிட்டது. கீரை பொய்யா? டாக்டரம்மா பொய்யா? இரண்டும் இல்லை. அந்தச் சாப்பாடு பலரில் சிலருக்கு நோய் வராமல் காக்கும். அந்தச் சிலர் யாரென்று சொல்லாது. இதை யாக்கோபுக்கு விளக்க ஒரு பத்தி எழுதினேன். "அப்ப இன்னாத்துக்குத் துன்றது?" என்று என்னிடமே திரும்பினான். பத்தியை அடித்துவிட்டேன்.

யாக்கோபு நரசிம்மனைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனான். கட்டிலோரம் நின்றபடியே சொன்னான்: "சார், வராதுன்னு நாந்தான் சொன்னேன்."

நரசிம்மன் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொல்லாட்டாலும் நான் அப்படித்தான் நெனச்சுண்டிருந்தேன்." பிறகு, "ஆனா நீ சொன்னப்போ ரொம்ப நிம்மதியா இருந்துதுப்பா" என்றார்.

திட்டியிருந்தால் யாக்கோபு தாங்கியிருப்பான்.

5

முடிவுகள். ஒன்று: அறுவை சிகிச்சையில் நரசிம்மன் பிழைத்து வேலைக்குத் திரும்புகிறார். (எனக்குப் பிடித்த முடிவு, அதனாலேயே சந்தேகம்.) இரண்டு: யாக்கோபு கறி வாங்கி வந்து வயிறு முட்டத் தின்று, அழுது... இல்லை, இது சினிமா.

மூன்றாவதில் இதுவரைதான் எழுதியிருக்கிறேன். நரசிம்மனுக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. யாக்கோபு வீடு திரும்புகிறான். நாளைக்கு இன்னா ஆக்கட்டும் என்று அருள்மேரி கேட்கிறாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறான். அவள் அடுப்பைப் பார்த்தபடி சொல்கிறாள்:

"எனக்கும் கொஞ்ச நாளா வயித்துல நோவு கீது. கீரதான துன்றோம், ஒண்ணும் இருக்காதுன்னு சொல்லல."

யாக்கோபு நிமிர்கிறான். "உனக்கு" என்று தொடங்குகிறான்.

மீதி வாக்கியம் உங்களிடம். எழுதும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுதுங்கள்.