பாப்பாவைத் தூக்கியது யார்?

அறுபத்திரண்டு வயதில், வழுக்கையும் மூட்டுவலியுமாக இருக்கிற ஒரு மனிதரை வீட்டில் எல்லாரும் பாப்பா என்று கூப்பிட்டால் அவர் என்னதான் செய்வார்? முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு தடவை பிரேக் பிடிக்காத வண்டியை இறக்கத்தில் ஓரங்கட்டி நிறுத்தி நாற்பது பேர் உயிரைக் காப்பாற்றியவர். அந்தப் பெருமையெல்லாம் டெப்போவோடு சரி. பெரியக்கா வீட்டுப் படியேறிவிட்டால் அவர் பாப்பாதான்.

பெயரைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அவருடைய குறை வேறு. போர் வந்தபோது ஊரைவிட்டு ஓடிய கதையை எடுத்தால் மற்ற மூன்று பேருக்கும் வாய் ஓயாது. அப்போது பெரியக்காவுக்குப் பதினாலு வயது, அண்ணனுக்குப் பதினொன்று, சின்னக்காவுக்கு ஏழு. பாப்பாவுக்குப் பத்து மாதம். பத்து மாதக் குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கும்? ஆகையால் கதை ஆரம்பித்ததுமே, "பாப்பா, நீ போய் டீ போடுடா" என்று அனுப்பிவிடுவார்கள். தன்னுடைய போரையே அவர் சமையலறையில் நின்று சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரே ஒரு தடவையாவது ஹால் நடுவில் உட்கார்ந்து, பிள்ளைகள் வாயைப் பிளக்க, தானும் ஒரு கதை சொல்லிவிட வேண்டும். இதுதான் அவருடைய ஆசை. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனின் பேத்தி, பதினொரு வயது வாயாடி, பிஸ்கட் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தாள். மற்ற நான்கு வாண்டுகளும் தரையில் வரிசையாக உட்கார்ந்தன.

"போர் அன்னிக்கு நீங்க என்ன பண்ணீங்க? ஆளுக்கு அஞ்சு நிமிஷம். எல்லாரும் சொல்லணும்."

எல்லாரும் என்றால் தானும்தானே! பாப்பா தயாராகத்தான் வந்திருந்தார். முப்பத்தோரு வருடமாகப் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்த பயணிகளிடமிருந்து எத்தனை போர்க்கதை கேட்டிருப்பார்! அதில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி வைத்திருந்தார். முதல் ஆளாகத் தொண்டையைச் செருமினார்.

"அன்னிக்கு வானம் செக்கச்செவேல்னு இருந்துச்சு. இன்னைக்கும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது..."

"சின்னத் தாத்தா," என்று வாயாடி குறுக்கே புகுந்தாள். "என் தம்பிக்கு ரெண்டு வயசு. அவனுக்கு நேத்து சாப்பிட்டதே ஞாபகம் இல்ல. உங்களுக்கு எப்படி பத்து மாசத்துல?"

வாண்டுகள் கொல்லென்று சிரித்தன. அண்ணன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். பாப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. இந்தத் தடவை யாரும் சொல்லாமலே டீ போடப் போனார்.

அவர் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது ஹாலில் கதை களைகட்டியது. அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். அப்பா அம்மாவைச் சைக்கிள் பின்னால் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். பிள்ளைகள் மூட்டையும் கைக்குழந்தையுமாக ரயில் நிலையத்துக்கு நடந்தார்கள். இதுவரை மூவருக்கும் ஒரே பேச்சு. அதற்கு மேல்தான் வில்லங்கம்.

"பாப்பாவை நான்தான் கடைசி வரைக்கும் தூக்கிட்டு வந்தேன். இடுப்பை விட்டு இறக்கவே இல்ல," என்றார் பெரியக்கா.

"நல்லா இருக்கே கதை! என் தோள்லதான் வந்தான்," என்றார் அண்ணன்.

"ரெண்டு பேருமே பொய். என் மடியிலதான் இருந்தான்," என்றார் சின்னக்கா.

வாயாடி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மூணு பேரும் தூக்கினீங்கன்னா, மொத்தம் எத்தனை பாப்பா?"

அவ்வளவுதான். ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். எழுபத்தைந்து வயதுப் பெரியக்கா எழுந்தே நின்றுவிட்டார். டீத் தட்டோடு வந்த பாப்பா இதைப் பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார். சுவரிலிருந்த காலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டு ஒரு கோடு இழுத்தார். போர் முடிந்து ஊர் திரும்பி, வளர்ந்து டிரைவரான பிறகு, அதே ஸ்டேஷன் சாலையில் பன்னிரண்டு வருடம் வண்டி ஓட்டியிருக்கிறார். கண்ணைக் கட்டிவிட்டாலும் மேடு எது, பள்ளம் எது என்று சொல்லுவார்.

"வீட்டுலேருந்து ஸ்டேஷன் ஏழு கிலோமீட்டர். பாலம், மாவு மில், தண்ணித் தொட்டி, ஸ்டேஷன். எந்த ஸ்டாப்பிங்ல நான் யார் கையில இருந்தேன்? சும்மா தூக்கினேன் தூக்கினேன்னா செல்லாது. என்ன நடந்துச்சுன்னு சொல்லணும்."

பெரியக்கா பாலம் வரைக்கும் சொன்னார். "கம்மலைப் பிடிச்சு இழுத்துட்டே வந்தே. காது கிழிஞ்சு போச்சுடா, இங்க பாரு." தழும்பு இருந்தது. பாப்பா கோட்டில் பெரியக்கா என்று எழுதினார்.

பாலத்திலிருந்து மில் வரை மேடு. "கழுத்துல உட்கார வச்சுத் தூக்கினேன். பாதி மேட்டுல என் முதுகெல்லாம் நனைச்சுட்டான்," என்றார் அண்ணன். வாண்டுகள் விழுந்து புரண்டன.

தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். சின்னக்காவின் மடியில் உட்கார்ந்து, அவர் பின்னலைச் சப்பிக்கொண்டே பாப்பா ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தார். அதையும் எழுதினார்.

"சரி. மில்லுலேருந்து தண்ணித் தொட்டி வரைக்கும்? அரை கிலோமீட்டர் இருக்கே. அங்க யாரு?"

இவ்வளவு நேரம் வாய் கிழியப் பேசிய மூன்று பேரும் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். டிக்கெட் எடுக்காதவன் டிரைவர் கண்ணாடியில் எப்படி விழிப்பான் என்று பாப்பாவுக்குத் தெரியாதா?

"சொல்லிடலாமேக்கா," என்றார் சின்னக்கா.

"வாயை மூடுடி."

"அம்மாவே போய்ச் சேர்ந்தாச்சு. இனிமே யாருக்குப் பயம்?"

பெரியக்கா உட்கார்ந்துவிட்டார். முழுப் பூசணிக்காயை எத்தனை காலம்தான் சோற்றில் மறைப்பது? அண்ணன்தான் மெல்ல வாயைத் திறந்தார். மில் வாசலுக்கு வரும்போது தலைக்கு மேலே விமானம் வந்தது. எல்லாரும் சுவரோரம் குப்புறப் படுத்தார்கள். தரையெல்லாம் சேறு. குழந்தையைச் சேற்றில் போடுவானேன் என்று மூட்டை நிறுக்கிற தராசுப் பலகையில் உட்கார வைத்தார்கள். தூரத்தில் குண்டு விழுந்தது. எழுந்து ஓடினார்கள்.

"அண்ணன் கையில போர்வை சுத்தின மூட்டை இருந்துச்சு. அதுதான் நீன்னு நான் நினைச்சேன்," என்றார் பெரியக்கா. "ஓடும்போதே 'அழாதடா செல்லம்'னு அதைத் தட்டிக்கூடக் கொடுத்தேன். தண்ணித் தொட்டிகிட்ட வந்து பிரிச்சா, உள்ள குண்டானும் ரெண்டு செருப்பும்."

வாயாடி வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"உன்னை விட்டுட்டு வந்த பாவிங்கடா நாங்க. அதனாலதான் தூக்கினேன் தூக்கினேன்னு இத்தனை வருஷமா பேசிப் பேசியே அதை மூடி வச்சோம்."

பாப்பா கோட்டில் அந்த வெற்று இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படப்போகிறாரோ என்று அண்ணன் அவர் முகத்தையே பார்த்தார்.

"திரும்பி வந்தது யாரு?" என்று கேட்டார் பாப்பா.

"மூணு பேரும்தான்."

"விமானம் போயிடுச்சா?"

"எங்க போச்சு? மேலயே சுத்திட்டிருந்துச்சு. எல்லாரும் இந்தப் பக்கம் ஓடி வர்றாங்க, நாங்க அந்தப் பக்கம் ஓடுறோம்."

"சின்னக்காவுமா? ஏழு வயசுல?"

"நான்தான்டா மொதல்ல போய்ச் சேர்ந்தேன்!" என்று சின்னக்கா நிமிர்ந்தார். "நீ பாட்டுக்குப் பலகையில உட்கார்ந்து, சாக்கு நுனியைக் கடிச்சுக்கிட்டு, எங்களைப் பார்த்துச் சிரிக்கிற!"

"முள்ளு எட்டரை கிலோவுல நின்னுச்சு," என்றார் அண்ணன். "அது நல்லா ஞாபகம் இருக்கு. நான்தான் மொதல்ல பார்த்தேன்."

"நீயா? நீ எனக்குப் பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டு வந்தே!"

சண்டை மறுபடி பிடித்துக்கொண்டது. பாப்பாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கண்ணீர் வந்தது, அப்புறம் இரண்டும் சேர்ந்து வந்தது. இத்தனை வருடமாக அந்தக் கதையில் தன்னை ஒரு சுமை என்றுதான் நினைத்திருந்தார். மூட்டையோடு மூட்டையாக வந்த ஒரு சுமை. அந்தச் சுமைக்காக மூன்று பொடிசுகள் குண்டு விழும் பக்கமாக ஓடியிருக்கின்றன. மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்துபோய்ப் பெரியக்காவின் தலையைப் பிடித்து நெற்றியில் ஒரு முத்தம் வைத்தார். "சீ, தள்ளிப் போடா," என்றார் பெரியக்கா அழுதுகொண்டே.

வாயாடி போனை அவர் பக்கம் திருப்பினாள். "சின்னத் தாத்தா, நீங்க மட்டும் தனியா அங்க இருந்தீங்களா? பயமா இல்லையா? என்ன பண்ணீங்க?"

வாண்டுகள் அவர் காலடிக்கு நகர்ந்து வந்தன. ஐந்து வாயும் திறந்தே இருந்தன. பாப்பா ஹால் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வானம், சிவப்பு என்று எதையும் சேர்க்கவில்லை.

"எனக்கு எதுவும் ஞாபகம் இல்லம்மா. நான் ஒண்ணும் பண்ணவும் இல்ல, சும்மா உட்கார்ந்திருந்தேன். ஊரே ஒரு பக்கமா ஓடுது. அப்ப எதிர்ப்பக்கமா மூணு பேர் ஓடி வந்தாங்க. அவங்க யாரு தெரியுமா?"

பெரியவர்கள் மூவரும் சண்டையை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்துபோயிற்று. யாரும் அவரை நிறுத்தவில்லை.