இடப்பக்கம்

முதலில் நோவு மட்டும்தான் வந்தது. தை மாதத்து விடியலில் ஆலங்குடாக் கரையில் வலை ஏறிக்கொண்டிருந்தபோது, பழுக்கக் காய்ச்சிய கம்பியை இடது மார்புக்குக் கீழே செருகி முதுகுப் பக்கமாக யாரோ உருவியது போலிருந்தது நளீருக்கு. அப்படியே மணலில் குந்திவிட்டார். அறுபதைத் தாண்டிய கரைவலைச் சம்மாட்டி அவர்; வலைக்குச் சொந்தக்காரர். ஊரில் பாதிப் பேர் அவருடைய கயிற்றை இழுத்துத்தான் சோறு தின்றார்கள். ஓடிவந்தவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் கயிற்றைப் பிடித்தபடி நின்று பார்த்தார்கள். அவர்களில் யாரும் கலங்கியதாகத் தெரியவில்லை.

மகன் ரிஃபாஸ் வான் வண்டியில் ஏற்றிப் புத்தளத்துக்குக் கொண்டு போனான். நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு இதயத்தில் ஒன்றுமில்லை என்றார் டொக்டர். ரிஃபாஸ் வானைத் திருப்பப் போயிருந்த நேரத்தில் கூட வந்திருந்த நளீரின் மனைவி றைஸாவைக் கூப்பிட்டு, "தோல்ல கொப்புளம் ஏதும் போட்டா அண்டைக்கே கூட்டிட்டு வாங்க. பிந்தப்படாது" என்று தனியாகவும் சொல்லி அனுப்பினார்.

இரண்டு நாளில் கொப்புளம் போட்டது. இடது விலாவில் திராட்சைக் குலை போல, சிவந்த தோலில் நீர் கோத்து நின்றது.

"டொக்டர் வரச் சொன்னாரே" என்றாள் றைஸா.

"சூட்டுக் கொப்புளத்துக்கு வான் பிடிச்சிப் போறதா? நீயென்ன டொக்டரா?"

அவள் இரண்டாம் தடவை சொல்லவில்லை. ரிஃபாஸிடம் சொல்லியிருந்தால் அவன் வாப்பாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருப்பான். அவனிடமும் சொல்லவில்லை. சந்தனம் அரைத்துக் கொடுத்தாள். ஓதின எண்ணெய் வாங்கி வந்து வைத்தாள். ஒரு கிழமை போனது. நளீர் இரவு முழுக்க முனகுவதை ரிஃபாஸ் கேட்ட பிறகுதான் மறுபடி புத்தளத்துக்குப் போனார்கள்.

"அக்கி" என்றார் டொக்டர். "சின்ன வயசுல கொப்பளிப்பான் அம்மை போட்டதா?"

"போட்டது."

"அந்தக் கிருமி சாகல்ல. இவ்வளவு காலமும் நரம்புக்குள்ள படுத்திருந்து இப்ப எழும்பியிருக்கு. நேரத்தோட வந்திருந்தா மருந்துக் குளிசைல அடக்கியிருக்கலாம். கொப்புளம் எப்படியும் ஆறும். நோவு எப்ப போகும் எண்டு எனக்குச் சொல்ல ஏலா."

டொக்டர் றைஸாவைப் பார்த்தார். அவள் முந்தானையைச் சரிசெய்தபடி சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோய் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுச் சாரா உம்மா, அக்கி பாம்பு மாதிரி உடம்பைச் சுற்றும் என்றும், தலையும் வாலும் முட்டினால் ஆள் மவுத்து என்றும் அவர் காதில் விழவே சொல்லிவிட்டுப் போனாள். அது பொய் என்று ரிஃபாஸ் சிரித்தான். நளீர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நிற்பார்.

"பாரு. எங்க வரைக்கும் வந்திரிக்கி?"

கொப்புளங்கள் முதுகெலும்போடு நின்றுவிட்டிருந்தன. வலப் பக்கத்துக்கு ஒன்றுகூடத் தாண்டவில்லை. றைஸா குனிந்து நிதானமாகப் பார்ப்பாள்.

"கொஞ்சம் கூடின மாதிரித் தெரியிது" என்பாள்.

அவர் சுவரை இன்னும் இறுக்கிப் பிடிப்பதைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போவாள். கொப்புளம் பொருக்குக் கட்டும் வரை இப்படிச் சொல்வதை அவள் விடவில்லை. ரிஃபாஸைப் பெற்றபோது வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். தையல் ஆறுவதற்குள் அவளைக் கருவாட்டுப் பரணில் மீன் காயப்போட அனுப்பியவர் அவர். நோகுது என்று அவள் சொன்னபோது, ஊரில் வேறு பெண்கள் பெறவில்லையா என்று கேட்டிருந்தார். அதன் பிறகு எந்த நோவையும் அவள் அவரிடம் சொன்னதில்லை.

மற்றவர்களின் நோவை நளீர் நம்பியதே கிடையாது. அவருடைய வலையில் அலியார் என்றொருவன் இருந்தான். கயிறு இழுக்கும் டிரக்டர் உருளையில் அவனுடைய வலது கை அகப்பட்டு மூன்று விரல்கள் நசுங்கி, வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. தோல் மூடிய பிறகும் அந்தக் கைக்குள் நெருப்பு எரிந்தது. தண்ணீர் பட்டால் துடித்துப் போவான். நளீர் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"காயம் எங்க? காட்டுங்க பாப்பம். ஆறின கைக்கு நோவாம். நடிக்கான்."

கரை முழுக்கச் சிரித்தது. அன்றோடு அலியாருக்கு வலையில் இடமில்லாமல் போனது. அதன் பிறகு, காற்றுப் பட்டம் கட்டிப் பலகையில் நின்று கடலில் ஓடும் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஹோட்டலொன்றில் முற்றம் கூட்டிப் பிழைத்தான்.

இப்போது நளீரின் பொருக்குகளும் உதிர்ந்தன. விலாவில் வெளிறிய தழும்புகள் மட்டும் மிஞ்சின. ஆனால் நோவு எழும்பிப் போகவில்லை. சேர்ட் பட்டால் முள்ளுக் கம்பியால் தேய்த்தது போல எரிந்தது. தலைக்கு மேல் சுழலும் மின்காற்றாடியின் காற்றுப் பட்டாலும் எரிந்தது. வெள்ளைச் சேர்ட்டைத் தேய்த்துப் போட்டால்தான் வாசலைத் தாண்டுவார் என்று பெயரெடுத்த மனிதர், சாரத்தை மட்டும் உடுத்திக்கொண்டு, இடது கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி வீட்டுக்குள்ளேயே நடந்து திரிந்தார். பார்க்க வந்தவர்கள் விலாவைப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், நல்லா ஆறிட்டே" என்று போனார்கள். ரிஃபாஸும் ஒருநாள் பொறுமையிழந்து, "வாப்பா, கரைப் பக்கம் ஒருக்கா வந்து நில்லுங்களேன். நீங்க சும்மா வீட்டில இரிக்கிறதாக் கதைக்கிறாங்க" என்றான்.

அன்றைக்கு நளீர் அழுதார். றைஸா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் அழுவதை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கத்தியை வைத்துவிட்டுப் போய்க் காற்றாடியைப் போட்டாள்.

"நிப்பாட்டு! நிப்பாட்டு!"

"வேர்க்கிதே உங்களுக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்தே நிறுத்தினாள்.

நோன்பு காலத்தில் ஒரு பின்னேரம் அலியாரின் மனைவி ஸுஹைரா வந்தாள். நோயாளியைப் பார்ப்பது நன்மை என்று சொல்லிக்கொண்டு வந்தவள், நளீர் தூங்குகிறார் என்றதும் குசினிக்குள் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேரீச்சம்பழ விலை பற்றிக் கதைத்தார்கள். பிறகு ஸுஹைரா கேட்டாள்.

"எந்தப் பக்கம் ராத்தா?"

றைஸா வாசலைப் பார்த்தாள். பிறகு தன் இடது கையைத் தூக்கி, அக்குளுக்குக் கீழே ஒரு சாண் தள்ளி விரலை வைத்து, அங்கிருந்து முதுகுவரை ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

"இந்த இடம். சீலை பட்டாலும் உயிர் போகும்."

ஸுஹைரா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அல்லாஹ் சுகத்தக் குடுக்கட்டும்" என்று எழும்பினாள். றைஸா ஆமீன் சொன்னாள். ஸுஹைரா எதற்குக் கேட்டாள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் காட்டினாள்.

பெருநாளன்று நளீர் தொழப் போயே ஆகவேண்டும் என்று நின்றார். இன்னும் வீட்டுக்குள் கிடந்தால் ஊர் அவரை முடித்துவிடும். வழுவழுப்பான சீலை பட்டால் எரிவு குறைவு என்பதை அவரே கண்டுபிடித்திருந்தார். றைஸாவின் பழைய பட்டுத் தாவணியொன்றை உடம்பில் சுற்றச் சொல்லி, அதற்கு மேல் வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டார். பட்டன் பூட்டும்போது அவருடைய மேலுதட்டில் வேர்வை அரும்பியது.

கரையோரத் திடலில் தொழுகை நடந்தது. பெண்கள் பின்னால், சீலைத் திரைக்கு அப்பால். குத்பாப் பிரசங்கம் முடிந்ததும் ஆண்கள் எழும்பி ஒருவரையொருவர் தழுவிக்கொள்ளத் தொடங்கினார்கள். பெருநாளில் முஆனகா செய்து கட்டித் தழுவ வருபவனைத் தள்ளிவிட யாராலும் முடியாது. நளீர் கெட்டிக்காரர். கையை நீட்டி, தூர நின்றே முஸாபஹா செய்து ஒவ்வொருவராகக் கடத்திக்கொண்டிருந்தார். றைஸா திரையை விலக்கிப் பார்த்தாள். கூட்டத்துக்குள் அலியார் வருவது தெரிந்தது. புதுச் சாரம். முகம் நிறையச் சிரிப்பு.

"ஈத் முபாரக் முதலாளி!"

நளீர் கையை நீட்டினார். அலியார் அந்தக் கையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டான். இரண்டு கைகளாலும் அவரைச் சுற்றிப் பிடித்தான். மூன்று விரல் இல்லாத அந்த வலது கையின் மொட்டை நேரே இடது விலாவில் போய் அழுந்தியது. தேடவே இல்லை. மூன்று தடவை தழுவுவது வழக்கம். மூன்று தடவையும் தழுவினான். மூன்றாவதில் பிடியை விடவில்லை.

நளீர் "உம்மா" என்று கத்தினார். ஒப்பாரிக் குரலாக இல்லை. விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்ட பிள்ளையின் குரல். திடல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அலியார் கையை எடுத்ததும் அவர் முழங்காலில் விழுந்தார். சாரத்தின் முன்பக்கத்தில் ஈரம் பரவியது. சில இளைஞர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்ன முதலாளி? ஆறிட்டெண்டுதானே சொன்னாங்க" என்றான் அலியார், எல்லோருக்கும் கேட்க.

றைஸா திரையை விட்டாள். பக்கத்திலிருந்தவளிடம் பெருநாள் வாழ்த்துச் சொன்னாள்.

அந்த அவமானம்தான் நளீரை வைத்தியத்துக்குத் துரத்தியது. நரம்பு நோவுக்கென்று புத்தளத்தில் வேறொரு டொக்டரைப் பார்த்தார்கள். படுக்கப் போகும்போது போடச் சின்னக் குளிசையும், தோலை மரத்துப்போக வைக்கிற களிம்பும் கொடுத்தார். சோளகக் காற்று வீசத் தொடங்கிய நாட்களில் எரிவு கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. முதலில் காற்றுத் தாங்கியது. பிறகு மெல்லிய பெனியன் தாங்கியது. ஒருநாள் குளித்துவிட்டு வந்து துவாயால் விலாவைத் துடைத்தவர், துடைத்துவிட்டதை உணர்ந்து அப்படியே நின்றார். மறுபடி துடைத்துப் பார்த்தார். நோகவில்லை. சத்தமாக அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்.

அன்று பகல் சாப்பாட்டில் றைஸாவைப் பார்த்துக் கேட்டார்.

"அலியாருக்கு இடம் காட்டினது நீதானே?"

சோறு போட்டுக்கொண்டிருந்த அவள் கை நின்றது. இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"ஓம்" என்றாள்.

"அண்டைக்கே தெரியும். அவன் தேடல்ல. நேரா வந்தான்." சோற்றைப் பிசைந்தார். "குளிசை தர, களிம்பு பூச நீ வேணுமாயிருந்திச்சு. அதான் வாயைத் திறக்கல்ல."

அடிப்பார் என்று அவள் நினைத்தாள். அடிக்கவில்லை. இன்னொரு துண்டு மீன் கேட்டார்.

ஐப்பசியில் சோளகக் காற்று நின்றது. வெள்ளைக்காரர்கள் போனார்கள். ஹோட்டலில் ஆட்களைக் குறைத்தார்கள். அலியார் வேலையில்லாமல் நின்றான். கரைவலைக் காலம் தொடங்கிய கிழமை, ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் கூட்டம் கலையாமல் நிற்கும்போது நளீர் அவனைக் கூப்பிட்டார்.

"அலியார், நாளைக்கு வலைக்கு வா. பழசையெல்லாம் நான் மறந்திட்டன். அல்லாஹ் எனக்கு ஒரு நோவத் தந்து படிப்பிச்சிட்டான்."

கூட்டத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நோய் மனிசனை மாத்திட்டு என்று ஊர் முழுக்கக் கதையானது. அலியார் தலை குனிந்து நின்றான். வீட்டில் பிள்ளைகள். எல்லோரும் பார்க்கிறார்கள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் காலையில் அவனுக்குக் காட்டப்பட்ட இடம் டிரக்டர் உருளையின் பக்கம். கடலிலிருந்து ஈரத்தோடு ஏறிவருகிற கயிற்றை இரண்டு கையாலும் இழுத்து வளையமாக அடுக்க வேண்டும். உப்புத் தண்ணீர் முழங்கை வரை ஓடும். கையுறை போட்டால் கயிறு வழுக்கும் என்று நளீர் அதைக் கழற்றச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். தோளில் தட்டியும் கொடுத்தார்.

பகல் சாப்பாட்டில் றைஸாவிடம் விபரம் சொல்லுவார். "இண்டைக்கு உதட்டைக் கடிச்சிட்டு நிண்டான். ரெத்தம் வந்திச்சு." இன்னொரு நாள்: "கயித்த விட்டுட்டு மணலுக்குள்ள கையப் புதைச்சான். எனக்குத் தெரியும் அது எப்படி எரியிறதெண்டு. முந்தி தெரியாது. இப்ப நல்லாத் தெரியும்."

"விடுங்க அவன" என்றாள் றைஸா ஒருநாள். "செஞ்சது நான். என்னை என்னவும் செய்ங்க."

"உன்னைத்தானே செய்யிறன்" என்றார் அவர்.

அதன் பிறகு அவள் மேசையில் அவரோடு உட்காரவில்லை. நின்றுகொண்டே பரிமாறினாள். அவர் விபரம் சொல்லுவதை நிறுத்தவும் இல்லை.

மார்கழி மழை தொடங்குமுன் அலியார் ஒருநாள் வலைக்கு வரவில்லை. முந்தல் ஊரில் ஒரு இறால் பண்ணையில் காவல் வேலை கிடைத்திருப்பதாகவும், குடும்பத்தோடு போவதாகவும் சாரா உம்மா சொன்னாள். கையில் புண் வைத்து, மிஞ்சியிருந்த இரண்டு விரலும் கறுத்துவிட்டதாகவும் சொன்னாள். றைஸா தலையில் சீலையைப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அவர்கள் வீட்டு வாசலில் திரீவீலர் நின்றது. பாயும் சட்டி முட்டிகளும் ஏறியிருந்தன. அலியார் முன்னால், சாரதிக்குப் பக்கத்தில், துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். பிள்ளைகளை ஏற்றிவிட்டு ஸுஹைரா திரும்பினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள் றைஸா.

ஸுஹைரா அவளை நன்றாகப் பார்த்தாள். பிறகு புருஷனின் துணி சுற்றிய கையைப் பார்த்தாள். பதில் ஸலாம் சொல்லவில்லை. பிள்ளைகளை நகர்த்திவிட்டு ஏறி உட்கார்ந்து, சீலையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். திரீவீலர் மணலில் ஒருதரம் புதைந்து, பிறகு கிளம்பியது.