குரல் கொடுக்காத பலகை

நாற்பத்தாறாயிரத்து ஐந்நூறு. ஆஸ்பத்திரிக்கு மேஸ்திரி கட்டிய பணம் அது. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவன் நான். கடன் மட்டும் என் மனைவியின் தம்பி தலையில் இருந்தது.

சாரத்தில் பலகை போடுகிறவன் இரண்டு முனையையும் கயிற்றால் கட்டிவிட்டு "ஏறலாம்" என்று குரல் கொடுக்க வேண்டும். அதுவரை அந்தப் பலகையில் யாரும் கால் வைக்கக் கூடாது. கட்டாமலே குரல் கொடுத்து ஒருவன் விழுந்தால், வைத்தியச் செலவு குரல் கொடுத்தவனுடையது. குரல் வருமுன் ஏறி விழுந்தால், விழுந்தவனுடையது. எங்கள் கூட்டத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட வழக்கம் இது.

அன்று பலகை போட்டவன் மச்சான். ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனைக்குப் போய்க்கொண்டிருந்தான். குரல் கொடுக்கவில்லை. சட்டியில் சாந்து இறுகுகிறது, இவன் ஆடி அசைந்து போகிறானே என்ற எரிச்சலில் நான் காலை வைத்துவிட்டேன்.

கீழே கலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் எதுவும் கேட்டிருக்க வழியில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து மேஸ்திரி, "அவன் குரல் குடுத்தானா?" என்று கேட்டார்.

"குடுத்தான்" என்றேன்.

மச்சான் சுவரோரம் நின்றிருந்தான். பகல் முழுவதும் கொடுக்கிற குரல். அந்தப் பலகைக்குக் கொடுத்தோமா, முந்தின பலகைக்கா என்று யாருக்கு நினைவிருக்கும்? மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டான். வாராவாரம் அவன் கூலியில் பாதியை மேஸ்திரி பிடிக்க ஆரம்பித்தார்.

பணத்தோடு போயிருந்தால் நானும் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அவன் தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து, என்னைக் கட்டிலிலிருந்து தூக்கி, குளியலறை நாற்காலியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டினான். "சிமெண்ட் மூட்டைன்னா ஒரு தடவை தூக்கினா போதும் மாமா. நீங்க தினம் தூக்க வேண்டிய மூட்டை" என்பான். அடுப்படியிலிருந்து என் மனைவி, "கயிறு கட்டும்போது கண்ணை எங்கடா வெச்சிருந்தே? அதான் இப்ப சுமக்கிறே" என்பாள். அவன் அடுத்த சொம்புத் தண்ணீரை என் தலையில் ஊற்றுவான். நான் உண்மையைச் சொல்ல மாட்டேன்.

ஜெபம் செய்யக்கூட எனக்குப் பயம். மேலே, உயரத்தில், எல்லாவற்றையும் பார்த்துவிட்ட ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் எந்த முகத்தோடு பேசுவது? நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படித்த வேதப்புத்தகம் தலையணைக்கு அடியிலேயே கிடந்தது.

கிறிஸ்துமஸ் காலையில் மச்சான் சீக்கிரமே வந்தான். சர்ச்சுக்கு என்னையும் கூட்டிப்போவதாக அக்காளிடம் சொல்லியிருந்தான். தலைக்குச் சோப்புப் போட்டு, பின்கழுத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டான்.

"ஏசுவையும் இப்படித்தான் குளிப்பாட்டியிருப்பாங்க, இல்ல மாமா? கடவுளா இருந்தாலும் பொறந்தப்ப கழுத்து நின்னிருக்காது. யாராவது புடிச்சிருக்கணும்."

"ம்."

"தண்ணி ஜில்லுன்னு இருந்தா வீல்னு கத்தியிருப்பாரு. உங்களை மாதிரி."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பயந்துகொண்டிருந்தவர் உயரத்தில் இல்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கே வந்திருந்தார். தானாக எழ முடியாமல், அம்மணமாக, இன்னொருவர் கையை நம்பி. நழுவவிடுகிற கைகள், பொய் சொல்கிற வாய்கள் என்று தெரிந்தேதான் இந்தக் கூட்டத்துக்குள் ஒரு பிள்ளையாக வந்து விழுந்திருக்கிறார். உடம்பு வலித்தால் என்ன, பயந்தால் என்ன என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரிடம் சொல்லலாம். அவரிடம் சொல்லலாம் என்றால், என் கழுத்தைப் பிடித்திருக்கிறவனிடமும் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னால் நாளை முதல் என்னைத் தூக்க ஆளிருக்காது. அதுவும் தெரிந்தது.

"மச்சான், அன்னிக்கு நீ குரல் குடுக்கல."

கை நின்றது.

"இன்னொரு முனைய கட்டப் போய்ட்டிருந்தே. நான்தான் அவசரப்பட்டு ஏறினேன். மேஸ்திரிகிட்ட பொய் சொன்னேன்."

அவன் என் தலையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போனான். சோப்பு கண்ணில் இறங்கியது. "என்னடா ஆச்சு?" என்று என் மனைவி கேட்பது கேட்டது. வாசல் கதவு திறந்தது. போய்விட்டான் என்றே நினைத்தேன்.

குளிரில் பல் கிட்டியபோது திரும்பி வந்தான்.

"கண்ணை மூடுங்க."

தண்ணீரை ஊற்றினான். முதுகைத் தோல் எரிய அழுத்தித் துடைத்தான். சட்டை மாட்டும்போதுதான் வாயைத் திறந்தான்.

"தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? கண்ணை மூடினா கயிறுதான் வருது. ஒரு முடிச்சுக்கு நாலு முடிச்சு போடுறேன். என் கைய நானே நம்பறதில்ல."

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க."

"இருந்தேன்."

அவன் என்னைத் தூக்கி சர்ச்சுக்குப் போக வரச்சொல்லியிருந்த வாடகை வண்டியின் பின்சீட்டில் உட்கார வைத்தான். டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டான். சர்ச்சுக்குப் போகுமுன் மேஸ்திரி வீட்டில் நிறுத்தச் சொன்னேன்.

மேஸ்திரி பனியனோடு வெளியே வந்தார். வண்டிக்குள் தலையை விட்டு நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். "நல்ல நாளும் அதுவுமா வந்து வயித்தெரிச்சலக் கிளப்புறியே" என்றார். பிறகு, "அவன்கிட்ட பிடிச்சதையெல்லாம் திருப்பிக் குடுத்துடறேன். முழுக் கடனும் உன் பேர்ல. சாரத்துல இனி உன்னை ஏத்த மாட்டேன். உக்காந்து கம்பி வளைக்க வர்றதா இருந்தா வா" என்றார்.

சர்ச்சில் நான் பாடவில்லை. மச்சான் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்தான். ஆனால் முடிந்ததும் தூக்க வந்தான். மறுநாளும் வந்தான். பேச்சில்லை, சிரிப்பில்லை. ஒரு மாதம் கழித்து நான் ஊன்றுகோலோடு எழும்வரை வந்துகொண்டிருந்தான்.

கம்பி வளைத்து வளைத்தே கடனைக் கட்டினேன். கடைசித் தவணையைப் பிடித்துக்கொண்டு மீதிக் கூலியைக் கையில் வைத்தார் மேஸ்திரி. "உன் கணக்கு முடிஞ்சுது, போ."

வாசலில் மச்சான் நின்றிருந்தான்.

"தீர்ந்துதா?"

"தீர்ந்துடுச்சு."

தலையை மட்டும் ஆட்டினான். பிறகு என் நொண்டல் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, பக்கத்திலேயே வந்தான்.