படத்தில் யானை இல்லை

தியேட்டரில் விளக்கு எரிந்ததும் கௌஸ் முழங்கையால் ஓர் இடி இடித்தார். அர்ச்சுனன் கண் திறந்தபோது திரையில் பெயர்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ராத்திரி முழுக்க வாசல் காக்கும் ஜாகா வேலை பார்த்துவிட்டு நேராகப் பகல் காட்சிக்கு வருகிறவருக்கு, வாரத்தில் கிடைக்கும் ஒரே நல்ல தூக்கம் இதுதான். குளிர், மெத்தை நாற்காலி, யாரும் எழுப்பாத இருட்டு. குண்டு வெடிக்கிற படமென்றால் இன்னும் ஆழ்ந்து தூங்குவார். மெஷின் சத்தத்தில் ஊறிய காது. அமைதியான குடும்பப் படத்தில்தான் திடுக்கிட்டு விழித்துக்கொள்ளும். இன்றைய படம் ஒரு மூன்றாம் பாகம். முதல் பாகத்தை முக்கால்வாசியும் இரண்டாம் பாகத்தைக் கால்வாசியும் பார்த்திருந்தார். இதில் தணிக்கைச் சான்றிதழ் வரை விழித்திருந்தது நிச்சயம்.

அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. அவர் தூங்குவதை நம்பித்தான் அவர்களுடைய போட்காஸ்டே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், சிலிபினில் கௌஸின் உணவுக்கடை மேசையில் கௌஸ், அர்ச்சுனன், நண்பர் பத்துமலை மூவரும் ஒரு படத்தைப் பற்றிச் சண்டை போட்டதை கௌஸின் மகள் நஸ்ரியா கைப்பேசியில் பிடித்து ஏற்றிவிட்டாள். அன்றும் அர்ச்சுனன் படம் முழுக்கத் தூங்கியிருந்தார். பாராத காட்சியை வாய் கூசாமல் வர்ணித்தார். பத்துமலை அதைப் பிடித்து நார் நாராகக் கிழித்தார். கேட்டவர்களுக்குப் பிடித்துப்போய், அதுவே வழக்கமாகிவிட்டது. வாரம் ஒரு படம், படத்துக்கு ஒரு பொய். அர்ச்சுனன் பொய்யை நுழைப்பார், பத்துமலை பிடிப்பார், கௌஸ் மார்க் போடுவார். பாகான் செராயில் நெல் அறுக்கிற மெஷினில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறோம் என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார்.

கடைக்கு மேலே, அரிசி மூட்டைகளும் மைலோ பெட்டிகளும் அடுக்கிய அறைதான் ஸ்டூடியோ. மூட்டைகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்று நஸ்ரியா சொல்லியிருந்தாள். மணி நாலரை. பத்துமலை முன்னால் பாலும் சீனியும் போடாத தே ஓ. ஒரே தோட்டத்தில் ஒரே லயத்தில் பிறந்தவர்கள் அவரும் அர்ச்சுனனும். இருபது வருடமாக அர்ச்சுனன் காவல் காக்கும் அதே தொழிற்சாலைக்கு வேன் ஓட்டுகிறார் பத்துமலை. காலையில் பதினாலு பெண்களைக் கொண்டுபோய் விடுவார், மாலை ஆறரைக்கு ஏற்றிக்கொண்டு வருவார். அந்தப் பதினாலில் ஒருத்தி அர்ச்சுனனின் மனைவி நவமணி. அவள் வேலை முடிந்து வெளியே வரும்போது அர்ச்சுனன் ராத்திரி வேலைக்கு உள்ளே போவார். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் பாதி அந்த கேட்டில்தான் நடந்தது என்பார்.

பதிவு தொடங்கியது. அர்ச்சுனன் வழக்கம்போல எங்கோ சுற்றினார். தோட்டத்துத் திடலில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்ட காலத்தில், முன்னால் இடமில்லாமல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததால், பத்து வயது வரை எல்லா ஹீரோவும் இடது கைக்காரன் என்றே நம்பியதாகவும், தானும் இடது கையால் சாப்பிட்டு அடி வாங்கியதாகவும் சொன்னார். கௌஸ் சிரிக்காமல் தலையாட்டினார். பிறகு அர்ச்சுனன் பொய்யை இறக்கினார்.

"எது எப்டியோ, ரெண்டாவது சண்டைக்கு முன்னால அந்த வெள்ள யானை ஆத்துல நீந்தி வருதே. அது ஒன்னுக்கே போயி பாக்கலாம்லா."

படத்தில் ஆறே கிடையாது என்று கௌஸின் முகம் சொன்னது. இவ்வளவு பெரிய பொய்யை இதுவரை போட்டதில்லை. அசதி; சின்னதாக ஒன்றைச் செதுக்கத் தெம்பில்லை. பத்துமலை மேசையில் தட்டி எழும்ப வேண்டிய இடம் இது.

பத்துமலை தலையை மெல்ல ஆட்டினார். "ஆமாடா. யானைய நல்லா எடுத்திருக்கான்."

அர்ச்சுனனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பதில் பொய்யென்று நினைத்தார். பிறகு பத்துமலையின் முகத்தைப் பார்த்தார். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவனின் முகம் அது. அறையில் புழுக்கம் ஏறியது. தான் செய்வது நல்லதா கெட்டதா என்று தெரியாமலே இன்னொன்றைப் போட்டார்.

"கடைசில ஹீரோவோட தங்கச்சி மொட்ட அடிச்சிட்டு நிக்கிறா பாரு."

"மனசு கேக்கலடா அதப் பாத்து," என்றார் பத்துமலை.

கௌஸ் வாயைத் திறந்தார். மேசைக்கடியில் அர்ச்சுனன் அவர் காலை மிதித்தார். கௌஸ் திறந்த வாயில் தே தாரிக்கை ஊற்றிக்கொண்டார். அதன்பிறகு பத்துமலை வசனங்களைப் பற்றிப் பேசினார். ஒரு சொல் பிசகாமல், வில்லன் இருமியது உட்பட, அப்படியே சொன்னார். கேட்கக் கேட்க அர்ச்சுனன் பழைய வாரங்களை எண்ணிப்பார்த்தார். போன வாரம் பத்துமலை பிடித்தது ஒரு பாட்டைப் பற்றிச் சொன்ன பொய். அதற்கு முந்தைய வாரம் ஒரு வசனத்தைப் பற்றியது. எல்லாமே காதால் பிடிக்கக்கூடிய பொய்கள். விழித்திருந்தவனும் தன்னைப்போலவே படம் பார்க்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு பத்துமலை எழுந்தார். ஒவ்வொரு படியையும் காலால் தடவி, அடுத்ததை உறுதி செய்துகொண்டு இறங்கினார். முட்டி வலி என்றுதான் இத்தனை நாளும் சொல்லியிருந்தார்.

"என்னா அர்ச்சுனா இது?" என்றார் கௌஸ், பின்னாலேயே இறங்கப்போன அர்ச்சுனனிடம், குரலைத் தாழ்த்தி.

"தெரியல பாய். நீ இத ஏத்தாத."

பின் சந்தில் வேன் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அர்ச்சுனன் இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"நீ மோட்டர் சைக்கிள்லதானே போவ?"

"படத்துல யானை இல்லடா."

பத்துமலை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். சந்தின் முனையில் ஒரு பூனை குறுக்கே போனது. அவர் முகம் அதன் பின்னால் திரும்பவில்லை.

"நீ பொய் சொல்லுவேன்னு தெரியும்," என்றார் கடைசியில். "எதுன்னுதான் தெரியல."

"எத்தன மாசமா?"

"இனிப்பு நீரு வியாதி. இடது கண்ணு போன தீபாவளிக்கே போச்சு. வலது கண்ணுல பொக மாதிரி இருக்கு. வெளிச்சம் இருந்தா ஓட்டலாம்லா."

"மெடிக்கல் எப்டி பாஸ் பண்ண?"

"எனக்கு முன்னால நின்னவன் போர்டுல உள்ள எழுத்த சத்தமா படிச்சான். நான் அப்டியே சொன்னேன்." சற்று நிறுத்தி, "ரோடு எனக்கு மனப்பாடம் மச்சான். எத்தனாவது குழின்னு சொல்லவா?"

"ரோடு அங்கியே கெடக்கும். மோட்டர்ல வாரவன் அங்கியே நிப்பானா?"

பத்துமலை கியரில் கை வைத்தார். அர்ச்சுனனிடம் இருந்தது மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் மட்டும். இந்த ஒரு தடவை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சிக்னல் லைட்டைச் சொல்லிக்கொண்டே போகலாம் என்று தோன்றியது. இந்த ஒரு தடவை என்று பத்துமலையும் எத்தனை தடவை தனக்குத்தானே சொல்லியிருப்பான். தொழிற்சாலை வாசலில் தகரக் கொட்டகைக்கடியில் பதினாலு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஏறினதும் நவமணி தூங்கிவிடுவாள். வேனில்தான் எனக்கு நல்லா தூக்கம் வருது என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

"வேன விட்டா எனக்கு என்னா இருக்கு, சொல்லு," என்றார் பத்துமலை. கோபமில்லை. ஆறிப்போன குரல்.

அர்ச்சுனனுக்குச் சொல்ல ஒரு பொய்கூட வரவில்லை. சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. நவமணி. ஆறரை ஆக இன்னும் நேரமிருந்தது. வேன் புறப்பட்டுவிட்டதா என்று கேட்கத்தான் கூப்பிடுவாள். எடுக்கவில்லை.

"கண்ணாடி மங்கலா இருக்கு," என்று சொல்லி, பத்துமலை வைப்பரைப் போட்டார்.

இரண்டு நாளாக மழையில்லை. காலையில்தான் கழுவித் துடைத்த கண்ணாடி பளிச்சென்று இருந்தது. காய்ந்த கண்ணாடியில் ரப்பர் கீச்சிட்டுக்கொண்டு இப்படியும் அப்படியும் போய்வந்தது. அர்ச்சுனன் கையை நீட்டி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சாவியைத் திருப்பினார். என்ஜின் ஒருமுறை குலுங்கி அடங்கியது. வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சட்டைப்பையில் கைப்பேசி மறுபடியும் அதிரத் தொடங்கியது.