நாலாவது கியர்

பிஷ்கெக் அனல்மின் நிலையத்தில் பதினெட்டு வருடமாக நிலக்கரி தள்ளுகிறேன். இருமினால் கைக்குட்டை கறுத்துப்போகும். அல்மாத்தி சினிமாக்காரர்கள் பழைய வோல்கா கார் தேடுகிறார்கள், ஓட்ட ஆளையும் சேர்த்து வருடக்கணக்கில் வேலைக்கு எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டதும், இனி மண்வெட்டியைத் தொட வேண்டாம் என்று முடிவு கட்டினேன்.

என்னிடம் இரண்டு வோல்கா இருந்தது. அறுபதில் வந்தது ஒன்று. மூக்கில் தாவும் மான் பொம்மை, கனத்த தகரம், முன்னால் ஒரே நீள இருக்கை, ஸ்டியரிங்குக்குக் கீழே கியர் கம்பி. மூன்றே கியர், மேடு கண்டால் முனகும். மற்றது எழுபத்தொன்பது. சப்பை முகம், ஆனால் தரையில் நாலு கியர், கணவாயில் ஆடு மாதிரி ஏறும். எது உசத்தி என்று நானும் என் மச்சினன் மேலிஸும் குளிர்காலம் முழுக்கச் சண்டை போட்டோம்.

"அழகு அதுல, ஓட்டம் இதுல. ரெண்டையும் ஒண்ணாக்கிடுவோம் மச்சான்!" என்றான் மேலிஸ்.

ஆக்கினோம். கிழவியின் தரையை வெட்டி, சின்னவளின் கியர் பெட்டியைப் பொருத்தினோம். பழைய பெட்டியைக் கம்பியோடு இரும்புக்காரன் அள்ளிக்கொண்டு போனான்.

ஏப்ரலில் சினிமா கம்பெனி ஆள் சயாத் வந்தான். மானைத் தடவினான், கதவைச் சாத்திச் சத்தம் கேட்டுச் சிரித்தான். உள்ளே உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றது.

"அண்ணே, இதென்ன தரையில கம்பு?"

"நாலு கியர் தம்பி. ஒரிஜினலைவிட நல்லா ஓடும்."

"யாருக்குண்ணே ஓட்டம் வேணும்? ஹீரோயின் நகர்ந்து வந்து ஹீரோ தோள்ல சாயணும். நடுவுல இந்தக் கம்பு நின்னா எங்க சாயுறது? பழைய கம்பி இருந்தா மாட்டுங்க."

"இரும்புக்குப் போயிடுச்சு."

அவன் பார்வை மூலையில் நின்ற மற்றதன்மேல் போனது. "சரி, அது? கதை பின்பாதி எண்பதுல நடக்குது. ரெண்டையும் சேர்த்தே எடுத்திருப்பேன். ஓடுமா?"

மேலிஸ்தான் முந்திக்கொண்டான். "தள்ளினா ஓடும்."

"ஒண்ணு பண்ணலாம். மான் வண்டி ஒரு நாள் தெருவோரமா சும்மா நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போனான் சயாத்.

என் மனைவி பூபுசாரா கிண்ணங்களை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு பொண்டாட்டிக்காரன் கணக்கா, ஒருத்தி வளையலக் கழட்டி இன்னொருத்திக்கு மாட்டுனீங்க. இப்ப ரெண்டு பேரும் வாசல்ல. டே மேலிஸ், நீ சிரிக்காத. யோசனை சொன்ன வாய் உன்னோடது."

"நான் சொன்னேன், வெட்டினது மச்சான்தானே?"

வெட்டினது நான்தான். அதையும் அவன் வாயாலேயே கேட்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஷிப்டுக்கு மான் வண்டியில்தான் போனேன். அனல்மின் நிலையத்து மேட்டில் நாலாவது கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தது. ஒரு முனகல் இல்லை, ஒரு உதறல் இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை. ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு குத்துவிட்டு இறங்கி, மண்வெட்டியை எடுத்தேன்.