இடது காலால் அடித்த கோல்

படங்களுக்குச் சட்டம் போடும் அந்தக் கடையில் பெரியவரை உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. மேஜை மேல் கண்ணாடி போடாத பெரிய படம் ஒன்று கிடந்தது. பதினொரு பையன்கள் இரண்டு வரிசையாக நிற்க, நடுவில் ஒரு பந்து. படத்தின் அடியில் ஒட்டுவதற்காக எழுதி வைத்திருந்த அட்டையை அவர் இரண்டு முறை படித்தார். டவுன் பள்ளிக்கூடத்தை நம் பள்ளி தோற்கடித்த ஒரே ஆட்டம் என்று எழுதியிருந்தது. அது சரி. அந்த ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் இன்னார் என்று எழுதியிருந்தது. அதுதான் அவரை நிற்க வைத்தது.

"இது உங்க அப்பா பேரு" என்றார்.

"ஆமா பெரியப்பா. தினமும் அதத்தான் சொல்லிட்டிருக்காரு. சாப்பிட்டோமா இல்லையான்னு மறந்துடறாரு, இது மட்டும் மறக்கல." கடைக்காரன் சட்டத்தின் மூலையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே சொன்னான். "நாளைக்குப் பள்ளிக்கூடத்துல மாட்டறாங்க. அப்பாவுக்குப் புதுச் சட்டைகூட எடுத்தாச்சு."

"அடிச்சது என் தம்பி."

உப்புத்தாள் நின்றது. "அப்பா பொய் சொல்ல மாட்டாரு பெரியப்பா."

"பொய்னு நான் சொல்லல. தப்பாச் சொல்றான். அவன் வாயாலயே சரியாச் சொல்ல வைக்கிறேன், வா."

பெரியவர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவன் வீட்டுக் குண்டூசி தன் வீட்டில் இருக்கக் கூடாது, தன் வீட்டுக் குண்டூசி அடுத்தவன் வீட்டிலும் இருக்கக் கூடாது என்று வாழ்ந்தவர். போனது குண்டூசியாக இருந்தால்கூட விட்டிருக்கலாம். தம்பி வேலைக்குப் போன இடத்தில் காய்ச்சலில் போனான். மீசை ஒழுங்காக முளைக்காத வயசு. பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. அவன் இந்த உலகத்தில் இருந்துவிட்டுப் போனான் என்பதற்கு அந்த ஒரு கோல்தான் இருந்தது. நாளைக்கு அதுவும் வேறொரு பேரில் சுவரில் ஏறிவிடும். படத்தில் இருப்பவர்களில் இப்போது உயிரோடு இருப்பது இரண்டே பேர். அவரும், கடைக்காரனின் அப்பா கொக்கும். அவர் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

கால் நீளத்தால் கொக்கு என்று பேர் வாங்கியவன் தம்பிக்கு ஒட்டிப் பிறந்தவன் மாதிரி. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, அடி வாங்குவதும் ஒரே நாளில். தம்பி போன செய்தி வந்தபோது தரையில் விழுந்து புரண்டது கொக்குதான். பெரியவர் அழவில்லை. மூத்தவன் அழுதால் வீடு உட்கார்ந்துவிடும் என்று, நடக்க வேண்டியதை எல்லாம் நின்று நடத்தினார். அன்று நின்ற நிலை பிறகு அவருக்குப் பழகிப்போனது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. கொக்கு ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டின் ஓரத்தில் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கண்ணே. அதே விறைப்பு. முதுகுக்கும் சேத்து இஸ்திரி போட்டுட்டு வந்தீங்களா?"

மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவில் சாய்ந்தான். பெரியவர் இங்கே உட்கார்ந்தார்.

"கொக்கு, அந்த கோலைப் பத்திச் சொல்லு."

"எத்தன தடவ கேப்பீங்க?" என்றார் கொக்கு. ஆனால் துண்டைக் கீழே வைத்துவிட்டார். "மழ விட்ட நேரம். பந்து சோப்பு மாதிரி வழுக்குது. நம்ம குண்டன் கோல் கம்பத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான், கம்பம் ஓடிப் போயிடுமோன்னு. அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு தடியன் என்மேல வந்து விழறான். அவன் கைக்கு அடியில பூந்து வெளிய வந்தேன். பந்த இடது காலுக்கு மாத்தி, வச்சேன் பாருங்க ஒண்ணு. கோல்கீப்பர் வாயப் பொளந்தவன் மூடவே இல்ல."

வாசலில் தலை இடிக்காமல் நுழையத் தெரியாதவன் கைக்கு அடியில் பூந்தானாம். பெரியவர் அதைக் கேட்கவில்லை. எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும், எதைக் கடைசிக்கு வைக்க வேண்டும் என்று வக்கீல்களைப் பார்த்துப் பார்த்தே அவருக்குத் தெரியும்.

"இடது கால்லயா?"

"இடது கால்லதான்."

"வெறுங்காலா, பூட்ஸ் போட்ட காலா?"

"பூட்ஸ் கால்தான். சேத்துல வெறுங்காலால அடிச்சா அந்த வேகம் வருமா?"

"பூட்ஸ் யாரோடது?"

"உங்களோடது. உங்களுக்குப் பத்தலன்னு எங்களுக்குக் குடுத்தீங்களே. ஒரு ஜோடி, ரெண்டு பேரு. ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கிட்டோம்." மகன் பக்கம் திரும்பினார். "எங்க டிரில் வாத்தியார் கேட்டாருடா, சேந்து இருந்த புருஷன் பொண்டாட்டிய ஏன்டா பிரிச்சீங்கன்னு."

"உனக்கு எந்தக் கால் பூட்ஸ்?"

"எனக்கு வலது."

சிரிப்பு வாயில் இருந்தது, கண்ணை விட்டுப் போய்விட்டது. கொக்கு தன் கால்களைப் பார்த்தார். வலது காலை நீட்டினார். அப்புறம் இடது காலை நீட்டினார்.

"அவனுக்குத்தான் இடது" என்றார் மெதுவாக. "சோத்துக் கையத் தவிர அவனுக்கு எல்லாமே இடதுதான். அண்ணே, அப்ப நான் அடிக்கலையா?"

"இல்ல."

"அவன் அடிச்சான். நான் பின்னால ஓடறேன். அவன் முதுகு தெரியுது. சட்டை கிழிஞ்சிருக்கு."

பெரியவர் கதவுப் பக்கம் பார்த்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டு, "மாத்தி எழுதிடறேன் பெரியப்பா" என்றான்.

அத்தோடு எழுந்து போயிருக்க வேண்டும்.

"அவன் எங்கண்ணே? கூட வரலையா?"

கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியே பழகியவர். "அவன் செத்து எத்தன வருஷமாச்சு" என்றார்.

கொக்குவின் கை நாற்காலியின் பிடியைத் தேடியது. இருந்த இடத்திலேயே இருந்த பிடி அகப்படவில்லை.

"என்கிட்ட யாருமே சொல்லலையே" என்றார்.

பிறகு அழுதார். பழைய சாவுக்கு அழுகிற அழுகை இல்லை அது. செய்தி கொண்டு வந்தவன் இன்னும் படியிறங்காதபோது வருகிற அழுகை. மகன் ஓடி வந்து தோளைப் பிடித்தான். தண்ணீர் கொடுத்தான். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தம்பி செத்தவன் என்பது தன் வீட்டுக்குத்தான். இந்த ஒரு வீட்டில் இவ்வளவு நாளும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அதை அவர் இப்போதுதான் கண்டார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றார் கொக்கு திடீரென்று.

பெரியவர் எழுந்தார்.

"நீங்க போய்ச் சொல்லாதீங்கண்ணே. உங்களுக்குச் சொல்ல வராது. தந்தி மாதிரி சொல்லிடுவீங்க. நான் சொல்றேன். நான் சொன்னா என்னப் பிடிச்சுக்கிட்டாவது அழுவாங்க."

உண்மைதான். அன்று அம்மா கொக்குவின் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் அழுதாள். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மூத்த மகனைத் தொடக்கூட இல்லை.

கொக்கு எழுந்து சட்டையை மாட்டி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. மகன் தடுக்கப் போனான். பெரியவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அவரோடு நடந்தார்.

பஞ்சர் கடை, இஸ்திரிக் கடை, பூட்டிக் கிடந்த அச்சாபீஸ். அம்மா சாகும்வரை இருந்த வீடு இப்போது பல் வைத்தியரின் இடம். அங்கே போய் என்ன செய்வது என்று அவர் யோசிக்கவில்லை. கண்ணில் நீர் வந்தது. நிறுத்தப் பார்த்தார். நடுத் தெருவில், தெரிந்தவர்கள் போகிற வருகிற நேரத்தில், அது நிற்காமல் வந்தது.

தெரு திரும்பும் இடத்தில் கொக்கு நின்றார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். எதற்கு வந்தோம் என்பது போய்விட்டது என்று முகத்தில் தெரிந்தது. அப்புறம் பெரியவரைப் பார்த்தார்.

"அண்ணே, ஏன் அழறீங்க? யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"வீட்டுல ஏதாவது சண்டையா?"

"இல்லடா."

கொக்கு தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் முகத்தை அழுத்தித் துடைத்தார், சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது போல. பெரியவர் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"உங்க தம்பி பாத்தா நம்ப மாட்டான். எங்கண்ணன் அழவே மாட்டாருன்னு பந்தயம் கட்டறவன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் சொல்லல. நீங்களும் அவன்கிட்டச் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்" என்றார் பெரியவர்.